கடிகாரச் சாட்சி

2020-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதியன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் ஒரு முக்கியமான உத்தரவு பிறப்பித்தனர். தேசத்திலுள்ள ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் கண்காணிப்புக் காமிராக்கள் வைக்கப்பட வேண்டும். அவை பதிவு செய்யும் காட்சிகள் 18 மாதங்கள் வரை, அதற்கு வசதியில்லையேல் குறைந்தது ஒரு வருஷமாவது, பத்திரப்படுத்தப்பட வேண்டும் என்பது அவ்வுத்தரவின் சாரம். மின்சாரமோ இன்டர்நெட் வசதியோ இல்லாத இடங்களில் அவற்றை விரைவில் ஏற்படுத்தித் தருவது மாகாண சர்க்கார்களின் கடமை என்றும் நியாயாதிபதிகள் கூறினர். காவலில் வைக்கப்பட்ட மனிதனுடைய உடலுக்கும் உயிருக்கும் ஒரு சாட்சி வேண்டும் என்ற எண்ணத்தினால் எழுந்த உத்தரவு அது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் நிகழ்ந்த கொடுமையைத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. அங்கே காமிரா இருந்தது. ஆயினும் அதன் பதிவுகள் அன்றன்றே தாமாக அழிந்துபோகும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது என்று விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் தெரிவித்தார்.

பதிவு அழியாமல் காப்பாற்றப்பட்டால் போதும், நியாயம் பிழைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. காட்சி இருக்கலாம், அதன் மூலையில் தேதியும் மணியும் நிமிஷமும் பொறிக்கப்பட்டிருக்கலாம். அந்த மணியைச் சொன்ன கடிகாரம் மெய் சொன்னதா என்பதை யார் விசாரித்தார்கள்? நமது வாசகர்கள் இன்று சிந்திக்க வேண்டுமென்று நாம் விரும்பும் விஷயம் இதுவே. வெளியுலகத்தோடு யாதொரு கம்பித் தொடர்போ வலைத் தொடர்போ இல்லாமல் தனித்து நிற்கும் கம்ப்யூட்டர் யந்திரங்களின் கடிகாரங்களைச் சரியான நேரத்தில் எவ்வாறு நிறுத்துவது? பார்வைக்கு இது யந்திர சாஸ்திரிகளின் விவகாரம் போலத் தோன்றும். உள்ளே நுழைந்து பார்த்தால் இது பிரஜையின் சுதந்திரத்தைப் பற்றிய விவகாரம்.

நமது அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து, கைது செய்யப்பட்டவனை, பிரயாணத்திற்கு வேண்டிய நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டு நிறுத்த வேண்டுமென்று விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமுலிலிருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58-வது பிரிவும் அதையே கூறுகிறது. இந்த உரிமை முழுவதும் மணிக்கணக்கில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவனை இரவு ஒன்பது மணிக்குப் பிடித்தார்களா, ஒன்பதே முக்காலுக்குப் பிடித்தார்களா என்பதில் வழக்கே திரும்பிவிடலாம். ஸ்டேஷன் டைரி ஒரு மணியைச் சொல்கிறது. ஆஸ்பத்திரியின் பதிவு வேறொரு மணியைச் சொல்கிறது. டெலிபோன் கம்பெனியின் கணக்கு மூன்றாவது மணியைச் சொல்கிறது. இந்நிலையில் காமிராவின் மணியே முடிவான சாட்சியாகக் கொண்டுவரப்படுகிறது. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவிடுவது எவ்விதத்தில் நியாயமாகும்?

கடிகாரம் ஏன் பிழைபடுகிறது?

கம்ப்யூட்டர்களிலும் காமிராப் பதிவு யந்திரங்களிலும் உள்ள கடிகாரத்தின் உயிர்நிலை ஒரு சிறு ஸ்படிகத் துண்டு. குவார்ட்ஸ் என்னும் அந்தக் கல், மின்சாரம் பாய்ந்தால் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த அதிர்ச்சிகளை எண்ணி யந்திரம் வினாடிகளாக ஆக்கிக்கொள்கிறது. சாதாரண விலைக்குக் கிடைக்கும் ஸ்படிகத்தில் பத்து லட்சத்தில் இருபது பங்கு வரை பிழை இருக்கலாம் என்று செய்பவர்களே ஒப்புக்கொண்டு விற்கிறார்கள். அற்பமான பின்னம் என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் வினாடி. வருஷம் ஒன்றுக்குப் பத்தரை நிமிஷம். சுப்ரீம் கோர்ட்டார் குறிப்பிட்ட 18 மாத காலத்தில் கால் மணிக்கும் அதிகம்.

இத்துடன் நிற்கவில்லை. அந்த ஸ்படிகம் 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சரியாக ஓடும்படி வெட்டப்படுவது. அதற்கு மேல் சூடேறினாலும் கீழே குளிர்ந்தாலும் அது மந்தமாகிறது. நமது நாட்டுக் கோடையில், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைக்கப்பட்ட பெட்டி 45 டிகிரி வரை காய்ந்தால், அந்தச் சூட்டினால் மட்டும் நாளுக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேற்பட்ட பிந்துதல் ஏற்படும். மின்சாரம் நின்றுபோகும் சமயத்தில் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று காசளவில் ஒரு பாட்டரி உள்ளே இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் யந்திரம் மறுபடி விழிக்கும்போது நிமிஷக் கணக்கில் பிழை செய்வதில்லை. வருஷக் கணக்கில் பிழை செய்கிறது. தான் தொழிற்சாலையில் பிறந்த தேதியையோ, எண்ணிக்கை தொடங்கும் ஏதோ ஒரு பழைய வருஷத்தையோ இன்றைய தேதியாகக் காட்டிக்கொண்டு கூசாமல் பதிவு செய்துகொண்டே போகும்.

இவ்வளவு சிறு பிழைகள் பெரிய விபரீதங்களை விளைவிக்குமா என்று சந்தேகிப்பவர்களுக்கு, சரித்திரத்திலிருந்து இரண்டு திருஷ்டாந்தங்கள் கூறுவோம். 1991 பிப்ரவரி 25-ந் தேதி வளைகுடா யுத்தத்தின்போது, ஸௌதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று அமெரிக்கப் படையினரின் விடுதியில் விழுந்து 28 பேரைக் கொன்றது. அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் யந்திரம் அங்கேயே விழித்துக்கொண்டுதான் இருந்தது. அது வினாடியின் பத்தில் ஒரு பங்குகளாகக் காலத்தை எண்ணியது. கம்ப்யூட்டரின் இரட்டை எண் முறையில் பத்தில் ஒன்று என்னும் பின்னத்தைத் தீர எழுத முடியாது. கடைசியில் ஒரு துளி வெட்டுப்பட்டுப் போகிறது. யந்திரம் இடைவிடாமல் சுமார் 100 மணி நேரம் ஓடியிருந்தபடியால் அந்தத் துளிகள் சேர்ந்து வினாடியில் மூன்றிலொரு பங்காகிவிட்டன. அந்நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். யந்திரம் வெற்று ஆகாயத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று தீர்மானித்தது. நெடுநேரம் ஓட்டாதீர்கள் என்று எச்சரிக்கை முன்பே போயிருந்தது. எத்தனை மணி நேரம் நெடுநேரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. திருத்தப்பட்ட கணக்கு முறை அவ்விடம் வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26-ந் தேதி.

மற்றொன்று 2003 ஆகஸ்டு 14-ந் தேதி அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறக்குறைய ஐந்து கோடி ஜனங்களை இருளில் ஆழ்த்திய மின்சாரத் தடை. எந்தக் கம்பி முதலில் அறுந்தது, எது அடுத்தது என்று கண்டுபிடிக்க இரு சர்க்கார்களும் கூட்டாக விசாரணை நடத்தின. பதிவு யந்திரங்கள் பல இருந்தன. ஆனால் அவற்றில் பலவற்றின் கடிகாரங்கள் பொதுவானதொரு நேரத்தோடு இசைந்திருக்கவில்லை. ஆகவே காரணம் எது, காரியம் எது என்று வரிசைப்படுத்தும் வேலையே பெருந்தொல்லையாக முடிந்தது. இனிமேல் பதிவு யந்திரங்களெல்லாம் நேரம் ஒத்திருக்க வேண்டும் என்று விசாரணைக் குழுவினர் சிபார்சு செய்தனர். பொய்ச் சாட்சி சொன்னவர் ஒருவரும் இல்லை. சாட்சிகள் ஒவ்வொருவரும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார்கள். அதனாலேயே உண்மை மறைந்தது.

வலைக்குள் ஒரு நீதி, வெளியே ஒரு நீதி

நமது இந்திய சர்க்கார் இவ்விஷயத்தில் முற்றிலும் உறங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2022 ஏப்ரல் 28-ந் தேதி, கம்ப்யூட்டர் ஆபத்துக்களைக் கவனிக்கும் ஸெர்ட்-இன் இலாகா ஒரு கட்டளை வெளியிட்டது. கம்பெனிகளும் சர்க்கார் ஸ்தாபனங்களும் தங்கள் யந்திரங்களின் கடிகாரங்களை, டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலை அல்லது தேசியத் தகவல் மையம் நடத்தும் நேர யந்திரங்களோடு வலைமூலம் இணைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பின்னர் 2025 ஜனவரியில், சட்ட, நிர்வாக, வியாபாரக் காரியங்கள் யாவற்றிலும் இந்திய நிலை நேரத்தையே கையாள வேண்டும் என்னும் விதிகளின் நகலை நிறுத்தல் அளவை இலாகாவினர் பொதுஜன அபிப்பிராயத்திற்காக வெளியிட்டனர். அந்த நேரத்தை ஆமதாபாத், பெங்களூர், புவனேசுவரம், பரீதாபாத், கௌஹாத்தி ஆகிய ஐந்து நகரங்களிலுள்ள அளவைச் சாலைகள் மூலம் தேசமெங்கும் பரப்புவது என்பதும் அவர்களுடைய திட்டம். இவை நல்ல காரியங்கள்.

ஆயினும் இவையெல்லாம் வலைக்குள் இருக்கும் யந்திரங்களுக்கே நேரடியாகப் பயன்படும். வலைக்கு வெளியே நிற்கும் யந்திரங்களின் கதி என்ன? சில யந்திரங்கள் வறுமையினால் வெளியே நிற்கின்றன. மலைக்கிராமத்து ஸ்டேஷனும் சிற்றூர் ஆஸ்பத்திரியும் அவ்வகை. வேறு சில, பத்திரத்தை உத்தேசித்து வேண்டுமென்றே வெளியே நிறுத்தப்படுகின்றன. அந்நியர் கை புகாதிருக்க வேண்டும் என்பதற்காக மின்சார நிலையங்களிலும் அணுசக்திச் சாலைகளிலும் பாங்கிகளின் உட்கட்டுகளிலும் வலைத் தொடர்பை அறுத்து வைப்பது உலக வழக்கம். வலையில் சேர்ந்தால் கடிகாரம் திருந்தும், கதவு திறந்துவிடும்; சேராவிட்டால் கதவு பூட்டியிருக்கும், கடிகாரம் தவறும். இந்தச் சங்கடத்திற்கு எல்லாரும் வலைக்குள் வந்துவிடுங்கள் என்று பதில் சொல்வது, வீட்டில் காற்றில்லை என்றவனிடம் சுவரை இடித்துவிடு என்பதற்கு ஒப்பாகும்.

ஆகாயத்திலிருந்து வரும் நேரம்

வலையில்லாமல் நேரம் பெறும் வழிகளில் இன்று மிகவும் பிரசித்தமானது செயற்கைக் கிரகங்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கிரகங்கள் ஒவ்வொன்றும் அணுக் கடிகாரம் சுமந்து பூமியைச் சுற்றுகின்றன. கூரைமேல் சிறியதொரு ஏரியல் வைத்தால் போதும், வினாடியின் கோடியில் ஒரு பங்கு நுட்பம் வரை நேரம் இலவசமாக வந்து சேரும். இம்முறையில் ஒரு விசேஷ அனுகூலம் உண்டு. யந்திரம் கேட்டுக்கொள்கிறதே தவிர, ஒன்றையும் வெளியே சொல்வதில்லை. காது திறந்து வாய் மூடியிருப்பதால், பத்திரத்தை உத்தேசித்துத் தனித்து நிற்பவற்றுக்கும் இது ஏற்றது.

ஆனால் இரண்டு ஆக்ஷேபங்கள் உள்ளன. முதலாவது, அந்த ஒலி மிகவும் பலவீனமானது. அதைவிடச் சற்று உரத்த பொய் ஒலியால் அதை அமுக்கிவிட முடியும். 2024 ஏப்ரல் இறுதியில் எஸ்தோனியாவின் டார்ட்டூ நகரத்திற்குச் செல்லும் விமானங்களை ஃபின்லாந்துக் கம்பெனி ஒரு மாத காலம் நிறுத்தி வைத்ததற்கு இத்தகைய குறுக்கீடே காரணம். இரண்டாவது, அந்தக் கிரகங்களுக்கு உடையவர்கள் நாமல்ல, அந்நிய தேசத்து இராணுவத்தார். 2016 ஜனவரி 26-ந் தேதி, கெட்ட எண்ணம் யாதுமின்றியே, பழைய கிரகம் ஒன்றை வேலையிலிருந்து நீக்கியபோது ஏற்பட்ட தவறினால் ஜி.பி.எஸ். காட்டிய நேரம் வினாடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு பிசகியது. அவ்வளவுக்கே உலகத்தின் பல பாகங்களில் டெலிபோன், ரேடியோ நிலையங்களில் எச்சரிக்கை மணிகள் அடித்தன.

நமக்கென்று நாவிக் என்னும் கிரகக் கூட்டம் உண்டு. முதல் கிரகம் 2013 ஜூலை 1-ந் தேதி ஏறியது. அந்நிய நாட்டிலிருந்து வாங்கி அதில் வைத்த ருபீடியம் கடிகாரங்கள் மூன்றும் சில வருஷங்களில் நின்றுபோயின. அதற்குப் பதிலாக 2017 ஆகஸ்டு 31-ல் அனுப்பிய கிரகம் மூடி கழலாமல் வீணாயிற்று. 2018 ஏப்ரல் 12-ல் அனுப்பியதே நிலைபெற்றது. 2023 மே 29-ந் தேதி ஏறிய என்.வி.எஸ்.-01 கிரகத்தில்தான் நம் நாட்டில் செய்த ருபீடியம் கடிகாரம் முதன்முதலாக ஆகாயம் சென்றது. அடுத்த கிரகம் 2025 ஜனவரி 29-ல் ஏறியும், குழாய் அடைப்பான் கோளாறினால் தனக்குரிய வட்டத்தை அடையவில்லை. நமது விஞ்ஞானிகளைக் குறை கூறுவதற்காக இவற்றை எடுத்துரைக்கவில்லை. பிறரிடம் வாங்கிய கடிகாரத்தை நம்பியதன் பலனையும், சொந்தக் கடிகாரம் செய்ய எத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது என்பதையும் தேசம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

ஆகாயம் போகாமல் பூமியிலிருந்தே நேரம் ஒலிபரப்பும் முறையும் உண்டு. ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டுக்கு அருகிலுள்ள மைன்ஃப்ளிங்கன் நிலையம், நீண்ட அலையில், சுமார் 2,000 கிலோமீட்டர் வரை எட்டும்படி நேரம் கூறுகிறது. பிரிட்டனுக்கு ஆன்தார்னில் ஒரு நிலையம், அமெரிக்காவுக்குக் கொலராடோவில் ஒன்று, சீனாவுக்கு ஷாங்சியூவில் ஒன்று, ஜப்பானுக்கு இரண்டு. ஜப்பானியர் இரண்டு வைத்ததன் விவேகம் 2011 மார்ச்சில் விளங்கியது. ஃபுகுஷிமா அணுசக்தி விபத்தினால் ஒரு நிலையத்தின் சிப்பந்திகள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தபோது, சில வாரங்கள் மற்றது மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நம் தேசத்தில் டில்லி ஆராய்ச்சிச்சாலை முன்னாளில் சிற்றலையில் நேரம் ஒலிபரப்பியதுண்டு. ஆனால் சுவர்க் கடிகாரமும் மலிவான பெட்டியும் தாமாகவே கேட்டுத் திருத்திக்கொள்ளத்தக்க நீண்ட அலை நேர நிலையம் இத்தனை கோடி ஜனங்களுள்ள நாட்டில் ஏற்படவில்லை. நாகபுரியை நடுவாக வைத்து ஒரு நிலையம் அமைத்தால் காஷ்மீரமும் கன்னியாகுமரியும் அதன் எல்லைக்குள் அடங்கும். ஜெர்மனியும் சீனாவும் அவசியம் என்று கருதியது நமக்கு மட்டும் ஆடம்பரமாகுமா?

கூடை நிறைய நேரம் விற்ற மாது

கிரகமும் ரேடியோவும் வரும்வரை நாம் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இவை இரண்டும் தோன்றுமுன்பே மனிதர் இந்தப் பிரச்னையைத் தீர்த்திருக்கிறார்கள். லண்டன் நகரில் ஜான் ஹென்றி பெல்வில் என்பவர் 1836-ல் ஒரு விசித்திரத் தொழில் தொடங்கினார். கிரீனிச் வானசாஸ்திர சாலையின் கடிகாரத்தோடு தம் கைக்கடிகாரத்தை ஒப்பிட்டு, கடிகாரக்காரர்களிடமும் வியாபாரிகளிடமும் கொண்டுபோய்க் காட்டி நேரம் விற்றார். அவருக்குப்பின் அவர் மனைவியும், 1892 முதல் மகள் ரூத் பெல்விலும் அத்தொழிலை நடத்தினர். தந்தியும் டெலிபோனும் ரேடியோவும் வந்த பிறகுங்கூட, 1940 வரை அந்த அம்மாள் நேரம் சுமந்து வீதி வீதியாக நடந்தார். சரியான கடிகாரம் ஒன்றை, சரியாக இல்லாத கடிகாரங்களிடம் எடுத்துச் செல்வது என்பதே அவர் வித்தை. வலையற்ற இடத்திற்கு நேரம் கொண்டுபோக இன்றும் அதைவிட எளிய வழி கிடையாது.

அந்த அம்மாளின் முறையில் மறைந்திருந்த ஞானம் வேறொன்று. கிரீனிச்சில் அவருக்குக் கொடுத்த அத்தாட்சிச் சீட்டில், கடிகாரம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்ற கணக்கு எழுதப்பட்டிருந்தது. பிழையே இல்லாத கடிகாரத்தை அவர் தேடவில்லை. பிழை இன்னதென்று தெரிந்த கடிகாரத்தை வைத்திருந்தார். கடலோடிகளின் முறையும் இதுவே. ஜான் ஹாரிஸன் செய்த நான்காவது கடிகாரம் 1761 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு ஜமைக்கா சேர்ந்தபோது, அதன் அன்றாடப் பிசகு இவ்வளவு என்று முன்பே அறிவித்திருந்ததைக் கழித்துப் பார்த்ததில், 81 நாளில் ஏற்பட்ட பிழை ஐந்து வினாடியளவே. மாலுமிகள் கடிகார முள்ளைத் தொடுவதில்லை. நாளொன்றுக்கு எவ்வளவு பிசகுகிறது என்று குறிப்புப் புஸ்தகத்தில் எழுதிக் கணக்கிலே திருத்தினார்கள்.

இதே தத்துவம் இன்றைய கம்ப்யூட்டர்களிலும் அமைந்திருக்கிறது. லினக்ஸ் என்னும் பொது உடைமையான இயக்க முறையில், உட்கடிகாரத்தின் அன்றாடப் பிசகை ஓர் ஏட்டில் எழுதிவைத்து, நாட்கணக்குப்படி திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. க்ரோனி என்னும் மற்றொரு கருவிக்கு, வலையே இல்லாமல், மனிதன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சில தடவை நேரம் சொன்னால் போதும். யந்திரம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று அதுவே கணித்து வேகத்தைச் சீர்படுத்திவிடும். சூட்டைத் தானே அளந்து ஈடுசெய்யும் ஸ்படிகக் கடிகாரமும் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. அதன் பிழை சாதாரண நிலைமையில் வருஷத்திற்கு ஒரு நிமிஷத்தளவே. பத்தரை நிமிஷத்தை ஒரு நிமிஷமாக்க இவ்வளவு செலவு போதுமென்றால், பணமில்லை என்ற சமாதானம் எடுபடாது.

செய்ய வேண்டியது என்ன?

போலீஸ் ஸ்டேஷன் காமிரா முதலியவற்றுக்கு வினாடியின் கோடியில் ஒரு பங்கு நுட்பம் வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வினாடி நுட்பமும், பிழையைப் பற்றிய யோக்கியமான கணக்கும் இருந்தால் போதும். அதற்கு நாம் கூறும் யோசனைகள் நான்கு.

முதலாவது, வாரத்தில் ஒரு நாள், இந்திய நிலை நேரத்தோடு ஒப்பிட்ட கைக்கடிகாரம் அல்லது கைபேசி ஒன்றை அந்தந்தக் காமிராவின் முன் சிறிது நேரம் பிடித்துக் காட்ட வேண்டும். சரியான மணியும் யந்திரத்தின் மணியும் ஒரே படத்தில் சேர்ந்து பதிவாகிவிடும். பிறகு அந்தப் படமே பிழையின் அளவுக்கு அழியாத சாட்சி. இதற்கு வலையும் வேண்டாம், சாஸ்திரியும் வேண்டாம்.

இரண்டாவது, அப்படிக் காட்டுபவர் அந்த ஸ்டேஷன் உத்தியோகஸ்தராக இருக்கலாகாது. எவர்மேல் குற்றச்சாட்டு எழக்கூடுமோ அவர் கையிலேயே கடிகாரத்தின் சாவியும் இருப்பது நியாய சாஸ்திரத்திற்கு விரோதம். ரெவினியூ இலாகா அல்லது நியாய இலாகாவைச் சேர்ந்த ஒருவர் வந்து பார்த்துப் புஸ்தகத்தில் கையெழுத்திட வேண்டும்.

மூன்றாவது, பிழை தெரிந்தவுடன் முள்ளைப் பின்னுக்குத் தள்ளும் வழக்கம் நிற்க வேண்டும். பின்னுக்குத் தள்ளினால் ஒரே மணி இரண்டு தடவை வந்து, ஒரு காட்சியின்மேல் மற்றொன்று ஏறும். முன்னுக்குத் தள்ளினால் நடுவில் சில நிமிஷங்கள் காணாமற் போகும். குற்றம் செய்தவன் ஒளிந்துகொள்ள இவ்விரண்டும் வசதியான இடங்கள். பிழையை முதலில் எழுதிவைத்து, பின்பு சிறுகச் சிறுகத் திருத்துவதே முறை.

நான்காவது, சட்டத்தைப் பற்றியது. பாரதீய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவின்படி, கம்ப்யூட்டர் பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்பவர் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதன் நமூனாவில் யந்திரத்தின் தயாரிப்பு, மாதிரி, வரிசை எண், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் முதலியவற்றுக்கெல்லாம் இடம் உண்டு. பதிவு செய்தபோது கடிகாரம் எவ்வளவு பிழையோடு ஓடியது என்பதற்கென்று தனியிடம் கிடையாது. பிந்தின பதிவானாலும் மாற்றப்படாத பதிவே; ஹாஷ் எண் அதன் பிழையையும் சேர்த்தே அப்படியே பாதுகாத்துக் கொடுக்கும். ஆகவே கடிகாரப் பிழை எவ்வளவு, எந்தத் தேதியில் யார் சோதித்தார் என்னும் இரண்டே வரிகளை அந்த நமூனாவில் சேர்க்க வேண்டும்.

இன்னும் சில வருஷங்களில் எங்கும் வலை பரவிவிடும், இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பர். வலை பரவட்டும், சந்தோஷமே. புயல் அடித்தால் வலை அறுகிறது. கலகம் என்று சொல்லிச் சர்க்காரே வலையை நிறுத்திவைப்பதும் உண்டு. ஜனங்களுக்கும் அதிகாரிகளுக்கும் மோதல் நிகழும் அந்த நாட்களில்தான் நம்பத்தகுந்த மணி எல்லா நாட்களையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது. வலையினால் வரும் நேரத்தை வலைக்குள் கை வைத்தவர் மாற்றவும் கூடும். ஆகவே வலை உள்ள இடத்திலும் வாராந்தரச் சோதனைப் புஸ்தகம் வீணாகாது.

ஒரு விஷயத்தை நாம் நினைவுகூர வேண்டும். 1802-ல் கோல்டிங்ஹாம் என்னும் வானசாஸ்திரி, சென்னை நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முந்தியது என்று கணித்தார். பிற்காலத்தில் சென்னை வானசாஸ்திர சாலையின் அந்த நேரமே தந்தி மூலம் பரவி, இந்திய ரெயில்வேக்கள் பலவற்றின் பொது நேரமாயிற்று. 1906 ஜனவரி 1-ல் இந்திய நிலை நேரம் ஏற்பட்ட பின்பும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடவில்லை. தேசம் முழுவதும் ஒரே மணியை ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த ஒற்றுமை சுவர்க் கடிகாரங்களோடு நின்றுவிட்டது. இன்று சாட்சி சொல்லும் யந்திரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நேரம் வைத்துக்கொண்டு ஆளுகின்றன.

சர்க்கார் தாமாகச் செய்யும் வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. தகவல் அறியும் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு தாலுகாவிலும் உள்ள தேச ஊழியர்கள், தங்கள் ஊர் ஸ்டேஷனிலுள்ள காமிராவின் கடிகாரம் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, பிழை எவ்வளவு இருந்தது, யார் கையெழுத்திட்டார் என்ற மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேட்கட்டும். வக்கீல்கள் குறுக்கு விசாரணையில் அதே மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். விடை சொல்ல முடியாத கேள்வி நூறு கோர்ட்டுகளில் எழுந்தால், புஸ்தகம் தானாகவே வந்து சேரும். காவலறையில் அடைபட்டிருப்பவன் கையில் கடிகாரம் இருப்பதில்லை. அவன் பொருட்டு வெளியிலிருப்பவர்கள்தாம் மணி பார்க்க வேண்டும்.